இறுதிப் போட்டிக்கு முன் ஒரு நன்றியுரை

நன்றியுரை சொல்பவனுக்கு வாழ்க்கையில் ஒரே ஒரு பயம்தான் உண்டு. யார் பெயரையாவது விட்டுவிடுவோமோ என்பது. தலைமையுரை ஆற்றுபவர் என்ன உளறினாலும் கைதட்டல் கிடைக்கும். சிறப்பு விருந்தினரை உளறுவதற்கென்றே கார் வைத்து அழைத்து வருகிறார்கள். நன்றியுரைக்காரன் மட்டும் ஒரு பெயரை விட்டானென்றால் அந்த ஆள் ஜென்மத்துக்கும் பேச மாட்டார்.

தஞ்சாவூரில் ஒரு பள்ளியில் நான் இயற்பியல் ஆசிரியர். ஆண்டு விழாவோ பணி நிறைவு விழாவோ, நன்றியுரை என் தலையில்தான் விடியும். (திறமையினால் அல்ல. பந்தி தொடங்குகிற நேரத்தில் மேடையில் நிற்க வேறு யாரும் சம்மதிப்பதில்லை.) ஒருமுறை மைக் செட்காரர் பெயரை விட்டுவிட்டேன். அடுத்த ஆண்டு நான் "வணக்கம்" என்று வாயைத் திறந்ததும் மைக் செத்துப்போனது. அன்றிலிருந்து மேடையேறினால் கண்ணில் படுகிற, நினைவில் வருகிற அத்தனை பேருக்கும் நன்றி சொல்லிவிட்டுத்தான் இறங்குவேன். இந்த நல்ல பழக்கம்தான் என் மகளின் சாம்பியன் பெல்ட்டைப் பறித்தது.

என் மகள் கயல், சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனி வேலையை விட்டுவிட்டு மல்யுத்தக் காட்சி நடத்தும் ஒரு குழுவில் சேர்ந்தவள். நம் ஊர்க் கோதாவில் மண்ணைப் பூசிக்கொண்டு கட்டிப் புரளும் மல்யுத்தம் இல்லை இது. கயிறு கட்டிய ரிங், கலர் விளக்கு, புகை, காதைக் கிழிக்கும் பாட்டு. ஒருவரை ஒருவர் தலைக்கு மேல் தூக்கி எறிவார்கள். ஆளுக்கொரு பட்டப்பெயரும் உண்டு. இவள் வைத்துக்கொண்ட பெயர் 'டெல்டா புயல்'. (இதைக் கேட்டுவிட்டு பேராவூரணியில் தென்னந்தோப்பு வைத்திருக்கும் என் மைத்துனர் கொஞ்ச நாள் எங்களோடு பேசவில்லை. நிஜப் புயலில் தோப்பே சாய்ந்து அவர் பட்டது அவருக்குத்தான் தெரியும்.)

வேலையை விட்டபோது நான் ஒரு கெடு வைத்தேன். தை முடிவதற்குள் இதில் ஒரு நிலைக்கு வர வேண்டும், இல்லையென்றால் பழையபடி கம்பெனிக்குப் போய்விட வேண்டும். அவளும் ஒத்துக்கொண்டாள். அந்தத் தை மாதக் கடைசியில்தான் அவளுடைய குழு தஞ்சாவூருக்கு வந்தது. எட்டு பெண்கள், ஒரே இரவில் கால் இறுதி, அரை இறுதி, இறுதி. கடைசியில் நிற்பவளுக்கு பெல்ட், அதோடு குழுவில் நிரந்தர இடம்.

நான் வர மறுத்தேன். பெற்ற பெண்ணை யாரோ தூக்கிப் போடுவதை டிக்கெட் வாங்கிப் பார்க்கும் தைரியம் எனக்கில்லை. எனக்கு ரத்த அழுத்தம் வேறு. முதல் நாள் மாலை கயல் என்னை மொட்டை மாடிக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.

"அப்பா, ஒண்ணு சொல்றேன். யார்கிட்டயும் சொல்லக் கூடாது. அம்மாகிட்டகூட."

"சொல்லும்மா."

"நாளைக்கு நான்தான் ஜெயிக்கப்போறேன். யாரு ஜெயிக்கணும்னு முன்னாடியே பேசி வெச்சிருப்பாங்க. ஃபைனல்ல ராட்சசி அக்கா என்கிட்ட தோப்பாங்க. அடி எல்லாம் பழகின அடிதான். நீங்க பயப்படாம வந்து உக்காருங்க."

"அப்ப எல்லாம் பொய்யா?"

"விழறது நெஜம்ப்பா. முடிவுதான் பேசி வெச்சது. இது வெளிய தெரிஞ்சா ஆட்டமே போச்சு."

நான் அவள் தலையில் அடித்துச் சத்தியம் செய்தேன். அந்தச் சத்தியத்தை ஏறக்குறைய ஒரு நாள் முழுக்கக் காப்பாற்றினேன் என்பதை இங்கே பதிவு செய்ய விரும்புகிறேன்.

மறுநாள் ஒரு கல்யாண மண்டபத்தில் காட்சி. மணமேடை இருக்க வேண்டிய இடத்தில் ரிங் போட்டிருந்தார்கள். 'நல்வரவு' பலகையை மட்டும் யாரும் கழற்றவில்லை. சம்பா அறுவடை முடிந்து கையில் நாலு காசு புழங்கும் சமயமாதலால் கீழ்வேளூர் வரையிலிருந்து வேன் பிடித்து வந்திருந்தார்கள். முன்வரிசையில் நானும் என் மனைவி சுமதியும். பின்னால் எங்கள் தலைமையாசிரியர். (இலவச பாஸ் கொடுத்து நானேதான் அழைத்தேன். வினையை வேன் வைத்து அழைப்பது என்பது இதுதான்.) அவருக்குப் பின்னால் என்னிடம் படித்த பையன்கள் ஒரு கூட்டம்.

கால் இறுதியில் ஒருத்தி கயலைத் தூக்கி முதுகு அறையப் போட்டாள். பலகை அதிர்ந்தது. நான் வாய்க்குள்ளேயே அவள் எடை, விழுந்த உயரம், முதுகெலும்பில் இறங்கும் விசை எல்லாவற்றையும் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, போடாமலேயே இருந்திருக்கலாம் என்று முடிவு செய்தேன். சுமதி அழுதுகொண்டே, "அந்தப் பொண்ணு விளங்குவாளா?" என்று சாபம் கொடுத்தாள். உண்மையைச் சொல்லிவிடலாமா என்று நாக்கு துடித்தது. கடித்துக்கொண்டேன்.

அரை இறுதியிலும் கயல் ஜெயித்தாள். கையை உயர்த்தி அவள் சிரிக்கும்போது, பின்னாலிருந்து பாய்ந்து வந்தாள் ராட்சசி. ஆறடி உயரம், கண்ணைச் சுற்றிக் கறுப்பு மை. அடுத்த போட்டியில் எதிர்த்து நிற்கப் போகிறவளை இப்போதே அடித்து வைப்பது வில்லியின் வேலையாம். கயலைக் கழுத்தோடு சேர்த்துப் பிடித்து எங்கள் கண்ணெதிரே மல்லாக்கச் சாய்த்தாள்.

அப்போது நான் ஒன்றைப் பார்த்தேன். முன்வரிசையில் இருந்தவனுக்கு மட்டுமே தெரியக்கூடியது. விழுகிற நொடியில் ராட்சசியின் உள்ளங்கை நழுவி வந்து, கயலின் பின்தலைக்கும் தரைக்கும் நடுவில் படுத்துக்கொண்டது. அடி முழுக்க அந்தக் கையில் விழுந்தது. ராட்சசி வாயை அசைக்காமல், "கண்ணு, ஒண்ணும் இல்லியே?" என்று கேட்டதும் எனக்குக் கேட்டது. அடுத்த கணமே எழுந்து நின்று ஊரையே திட்டினாள். மண்டபம் அவளைத் திருப்பித் திட்டியது. நான் மட்டும் கண்கலங்கிப்போய் உட்கார்ந்திருந்தேன். அந்தப் பெண்ணைக் கையெடுத்துக் கும்பிட வேண்டும் போலிருந்தது.

கும்பிட்டிருந்தால் அதோடு போயிருக்கும்.

காட்சிக்கு உள்ளூர் ஏற்பாடு கதிர்வேல் என்பவருடையது. அறுவடை மெஷின் வாடகைக்கு விடுகிறவர். சால்வை இல்லாமல் ஒரு நிகழ்ச்சி முடிவதை அவரால் தாங்க முடியாது. சென்னைக்காரர்கள் எவ்வளவோ தடுத்தும், இறுதிப் போட்டிக்கு முன் பொன்னாடை போர்த்தியே தீருவேன் என்று மைக்கைப் பிடித்துவிட்டார்.

"நம்ம மண்ணின் மகள் டெல்டா புயலைப் பெற்றெடுத்த தந்தை, ஆசிரியர் பெருந்தகை, மேடைக்கு வரணும்!"

வேட்டி கட்டிக்கொண்டு ரிங் கயிற்றுக்குள் நுழைவது எப்படி என்று எந்தப் பாடத்திலும் இல்லை. ஒரு காலை உள்ளே வைத்தேன், கயிறு இடையில் வந்தது. "சார், பாத்து சார்! வேட்டி, வேட்டி!" என்று என் பழைய மாணவர்கள் அக்கறையோடு குரல் கொடுத்தார்கள். ஒருவழியாக உள்ளே விழுந்து எழுந்தேன். கயல் ஒரு மூலையில் நின்று எனக்கு மட்டும் தெரியும்படி சிரித்தாள். கதிர்வேல் பொன்னாடை போர்த்தி, மைக்கைக் கையில் திணித்தார்.

"ரெண்டு வார்த்தை பேசுங்க சார்."

நான் பேசினேன். மைக் கைக்கு வந்ததும் வாய் தானாகவே நன்றியுரைக்குள் போய்விட்டது. கதிர்வேலுக்கு, மண்டப உரிமையாளருக்கு, ஒலி ஒளி அமைத்தவருக்கு (மறக்காமல் சொல்லிவிட்டேன்), ரெஃப்ரீக்கு, வாசலில் முதலுதவிப் பெட்டியோடு நின்ற நர்ஸம்மாவுக்கு, பஜ்ஜிக் கடைக்காரருக்கு. வேறு யார்? யாரையோ விட்டுவிட்டோமே? கண்ணில் அந்த உள்ளங்கை வந்து நின்றது. காலையில் ஒத்திகையில் கயல் அறிமுகப்படுத்தி வைத்ததால் ராட்சசியின் சொந்தப் பெயரும் தெரியும். சொன்னேன்:

"நிறைவாக, சற்று முன் என் மகளின் தலையில் அடி படாமல் தன் கையைக் கொடுத்துத் தாங்கியவரும், இப்போது நடக்கவிருக்கும் இறுதிப் போட்டியில் என் மகளிடம் தோற்பதற்குப் பெருந்தன்மையோடு இசைந்திருப்பவருமான சகோதரி ரோகிணி அவர்களுக்கு எங்கள் குடும்பத்தின் சார்பில் நெஞ்சார்ந்த நன்றி."

கைதட்டலுக்காக நிறுத்தினேன்.

மண்டபத்தின் மின்விசிறிகள் சுற்றுகிற சத்தம் கேட்டது. கயல் முகத்தில் இருந்த சிரிப்பு எங்கே போனதென்று தெரியவில்லை. அவள் வாய் மட்டும் "அப்பா" என்றது. அப்போதுதான் நான் சொன்னது எனக்கே கேட்டது. அந்த நிமிடம் இப்போதும் என்னை விட்டுப் போகவில்லை. காப்பி குடிக்கையில், வகுப்பில் பாதிக் கணக்கில், நினைத்தாற்போல் வரும்.

"அப்ப இவ்ளோ நேரம் எங்களை என்னன்னு நெனச்சீங்க?" என்றது ஒரு குரல். சிரிப்பு கிளம்பியது. பிறகு விசில். பிறகு "காசைக் குடு" என்ற கூச்சல். கயலின் தை மாதக் கெடு, பெல்ட், நிரந்தர இடம் எல்லாம் என் காலடியில் கிடந்தன.

திரையைக் கிழித்துக்கொண்டு வந்தாள் ராட்சசி. கையில் இன்னொரு மைக்.

"யோவ் வாத்தியாரே! பாதி கதையை மட்டும் சொல்றியே, மீதிய யாரு சொல்வா? நேத்து என்னாண்ட வந்து, எம் பொண்ணாண்ட தோத்துடு தாயேன்னு கெஞ்சினது நீதானே?"

கூட்டம் அடங்கியது. எனக்கு ஒன்றும் புரியவில்லை. ரோகிணி என் சால்வையைக் கொத்தாகப் பிடித்து இழுத்தார். மைக்கைத் தாழ்த்தி, காதோடு சொன்னார்: "ஆமான்னு சொல்லுங்க சார். உங்க பொண்ணுக்காவ. வேற வழி இல்ல." பிறகு ஊருக்குக் கேட்க: "கெஞ்சினியா, இல்லியா? சொல்லுய்யா!"

முன்னால் என் தலைமையாசிரியர். அவருக்குப் பின்னால் நான் பரீட்சையில் பிட் பிடித்து வெளியே அனுப்பிய, மதிப்பெண் கேட்டு வீடு தேடி வந்தபோது உபதேசம் செய்து திருப்பி அனுப்பிய பையன்கள். இல்லை என்று சொன்னால் நான் யோக்கியன், என் மகளின் ஆட்டம் பொய். ஆமா என்றால் ஆட்டம் நிஜம், நான் அயோக்கியன். கயலைப் பார்த்தேன். அவள் கண் என்னைக் கெஞ்சியது.

"ஆமா," என்றேன். நல்ல மைக். மண்டபம் முழுக்கக் கேட்டது.

கூரை பறந்துவிடும் போல ஊளை. "சார், நீங்களா சார்!" என்று அலறினான் ஒருவன். இன்னொருவன் நாற்காலி மேல் ஏறி நின்று, "பிராக்டிகல்ல ரெண்டு மார்க் கேட்டதுக்கு நேர்மை பத்தி ஒரு பீரியட் பேசினீங்களே சார்!" என்றான். அவன் குரலில் இருந்தது நடிப்பில்லை. காலித் தண்ணீர் பாட்டில் ஒன்று என் தோளில் பட்டு விழுந்தது.

கயல் என் கையிலிருந்து மைக்கை வாங்கினாள். "எங்கப்பா வாங்கிக் குடுக்கற ஜெயிப்பு எனக்கு வேணாம். அக்கா, நெஜமா மோதுங்க. அப்பா, நீங்க கீழ எறங்குங்க." அவள் குரல் உடைந்தது. கதைக்காக உடைந்ததா, எனக்காக உடைந்ததா என்று இன்றுவரை நான் கேட்கவில்லை.

இறங்கினேன். கதிர்வேல் கீழே காத்திருந்து, என் தோளிலிருந்து பொன்னாடையை எடுத்து, மடித்து, கக்கத்தில் வைத்துக்கொண்டு போனார்.

சுமதி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "உங்ககிட்ட சொல்லியிருக்கா. பெத்தவ எங்கிட்ட சொல்லலை," என்றாள். ஊர் சிரித்ததெல்லாம் அவளுக்கு இரண்டாம் பட்சம்.

இனி கயல் ஜெயிக்கவே முடியாது. ஜெயித்தால் பேரம் உண்மையென்று ஆகிவிடும். ரிங்குக்குள்ளேயே, ஒருவர் காதில் ஒருவர் முணுமுணுத்து முடிவை மாற்றிக்கொண்டார்கள். ராட்சசி மேலே விழுந்து அழுத்த, ரெஃப்ரீ மூன்று எண்ண, பெல்ட் போயே போய்விட்டது. தோற்றுக் கிடந்தவளுக்காக மண்டபமே எழுந்து நின்று தட்டியது. நான் தட்டலாமா கூடாதா என்று தெரியாமல் கையை மடியில் வைத்துக்கொண்டிருந்தேன்.

திரைக்குப் பின்னால் மன்னிப்புக் கேட்கப் போனேன். கயல் முதுகைக் காட்டிக்கொண்டு முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். ரோகிணி கை மணிக்கட்டில் ஐஸ் வைத்துக் கட்டிக்கொண்டிருந்தார். அவருக்கு வீட்டில் இரண்டு குழந்தைகளாம்.

"ஊர் ஊரா போயி திட்டு வாங்கறேன் சார். மேடையில எனக்கு நன்றி சொன்ன மொத ஆளு நீங்கதான்," என்றார். நான் வாயைத் திறந்தேன். "ஐயோ, திரும்பச் சொல்லிடாதீங்க," என்று இரு கையையும் கூப்பினார்.

கயலை அந்தக் குழு வெளியே அனுப்பவில்லை. மோசடி அப்பனுக்குப் பிறந்த நேர்மையான பெண் என்ற கதை ஊர் ஊராக நன்றாக ஓடுகிறதாம். நிரந்தர இடம் கிடைத்தது, நான் வைத்த கெடுவுக்கு இரண்டு மாதம் தள்ளி. எங்கள் தலைமையாசிரியர், "உடம்பைப் பாத்துக்குங்க சார்" என்று சொல்லி என்னைப் பரீட்சையில் பிட் பிடிக்கும் பறக்கும் படையிலிருந்தும், அப்படியே நன்றியுரையிலிருந்தும் விடுவித்தார். வீட்டில் யார் போன் செய்தாலும் முதல் கேள்வி, "அப்பா பக்கத்துல இருக்காரா?" என் மைத்துனர் வீட்டில் மாப்பிள்ளை பார்த்த செய்திகூட எனக்குப் பத்திரிகை அச்சான பிறகுதான் வந்தது. (இதை எழுதலாமா என்று கயலிடம் கேட்டேன். "எழுதுங்க, நீங்க சொன்னா இனிமே யாரும் நம்பப்போறதில்ல" என்றாள்.)

இப்போதெல்லாம் போட்டி முடிவு சுமதிக்கு மட்டும்தான் தெரியும். போன மாதம் திருச்சியில் காட்சி. பஸ்ஸில் போகும்போது, "ஒரு ஜாடை மட்டும் காட்டேன்," என்று கெஞ்சிப் பார்த்தேன். "பக்கத்துல மைக் ஏதாவது இருக்கா பாருங்க முதல்ல," என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். கயல் ஒவ்வொரு முறை விழுந்தபோதும் எனக்கு உயிர் போய் வந்தது. சுமதி நிலக்கடலையை உரித்துக்கொண்டிருந்தாள்.

அன்றைக்குக் கயல் ஜெயித்தாள். பெல்ட்டைத் தோளில் போட்டுக்கொண்டு மைக்கை வாங்கி எல்லோருக்கும் நன்றி சொன்னாள். பிறகு முன்வரிசையை நோக்கிக் கையை நீட்டினாள். "எங்கப்பா வந்திருக்காரு. அந்த தஞ்சாவூர் வாத்தியாரு!"

அரங்கமே என்னைப் பார்த்து ஊளையிட்டது. உடம்பு கூசியது. ஆனாலும் அவளுக்கு அது வேண்டியிருந்தது. எழுந்து, தலையைக் குனிந்துகொண்டு, அவர்கள் கத்தி முடிக்கும்வரை நின்றேன். முடித்த பிறகும் கொஞ்சம் நின்றேன் போலிருக்கிறது.

"உக்காருங்க," என்றாள் சுமதி, வேட்டியைப் பிடித்து இழுத்து. "பின்னாடி இருக்கறவங்களுக்கு நம்ம பொண்ணு மறையுது."