டில்லரிக்கு அனுப்பிய பிஸ்கட்

மதிப்பிற்குரிய ஒடெஸா அத்தைக்கு,

இவ்வளவு அகாலத்தில் உட்கார்ந்து எழுதுவதற்கு முதலில் மன்னித்துக்கொள்ளுங்கள். எழுத்து கோணிக்கொண்டு போனால் அது தூக்கக் கலக்கம் அல்ல. உங்கள் பேத்தி நைலா, பல் முளைக்கிற கோபத்தில், என் தோளில் கிடந்தபடி காதைக் கடித்துக்கொண்டிருக்கிறாள். கர்த்தர் கிருபையால் நாங்கள் மூவரும் சுகம். உங்கள் முழங்காலும், சலூனின் புதுக் கூரையும், சபைப் பாடகர் குழுவும் அவ்வாறே இருக்க வேண்டுகிறேன். போன் இருக்கும்போது எதற்குக் காகிதம் என்று கேட்பீர்கள். போனில் பேசினால் நீங்கள் அதை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு யாருக்காவது தலைக்குச் சாயம் பூசப் போய்விடுகிறீர்கள். போன மாதம் உங்கள் பிள்ளை ஜெரிக்குக்குத் தொடையில் சின்னப் பிடிப்பு என்று உங்களிடம் மட்டும் சொன்னேன். மறுநாளே மிசிசிப்பியில் பாதிப் பேர் அவருக்குக் காலை எடுத்துவிட்டதாகப் பேசிக்கொண்டார்களாம். உங்கள் சபை சிஸ்டர் ஹாட்டி ஊன்றுகோல் அனுப்பி வைத்தார். நல்ல கனமான ஊன்றுகோல். பால்கனியில் குறுக்கே வைத்துத் துணி காயப்போடுகிறேன், நன்றி சொன்னதாகச் சொல்லுங்கள். இந்தக் கடிதத்தில் இருப்பது சலூனுக்குள் போகக் கூடாத விஷயம், அதனால்தான் காகிதம்.

விஷயம் உங்கள் பிள்ளையின் இடம். "எல்லாரும் முன்னால முட்டிக்கிட்டு விழறாங்க, ஒங்க பையன் மட்டும் ஏன் அவ்வளவு தூரம் தள்ளி நிக்கிறான், எதாவது தப்புப் பண்ணிட்டானா?" என்று சிஸ்டர் ஹாட்டி கேட்டாராமே, அவருக்கு இதைச் சொல்லுங்கள். சேஃப்டி என்றால், பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடிவருகிறவனைக் கடைசியாக மறிக்க எல்லாருக்கும் பின்னால் நிற்கிற ஆள். முன்னால் எத்தனை பேர் கோட்டைவிட்டாலும் டிவியில் தெரிவது கடைசியாகக் கோட்டைவிட்டவன் முகம்தான். இந்த அமெரிக்கன் ஃபுட்பால் டீமில் அந்த வேலைக்கு இரண்டு இடம். ஒன்றில் இருப்பவருக்குக் கொடுத்திருக்கிற சம்பளத்துக்கு அவரை யாரும் அசைக்க மாட்டார்கள். இன்னொன்றில் வான் டில்லரி. ஜெரிக் பள்ளிக்கூடத்தில் தலைக்கவசம் மாட்டப் பழகிய நாளில் டில்லரியின் படம் காலையில் பாலில் போட்டுச் சாப்பிடுகிற தானிய டப்பாவில் வந்துகொண்டிருந்தது. அந்த மனிதரின் இடத்தைத்தான், எந்த டீமும் பெயர் சொல்லி எடுக்காமல் கடைசியில் போனில் கூப்பிட்டுச் சேர்த்த நம்முடைய ஜெரிக் பிடிக்க வேண்டும். பிடிக்காவிட்டால் ஆள் குறைத்துக் கடைசிப் பட்டியல் போடுகிற நாளில் ஒருவன் வந்து, "கோச் கூப்பிடுறார், உன் பிளேபுக்கையும் எடுத்துக்கிட்டு வா" என்பான். அந்த ஆட்டத் திட்டப் புத்தகத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டால் வேலை போயிற்று என்று அர்த்தம். அதனால்தான் இங்கே புது ஆட்களின் மனைவிமார் யாரும் பட்டியல் வருகிறவரை பெட்டியைப் பிரிப்பதில்லை. எங்கள் வீட்டில் பிரித்திருப்பது தொட்டிலும் ஒரு வாணலியும் மட்டும். டேப் ஒட்டின பெட்டி மேல்தான் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

இந்த வாணலியில்தான் ஆரம்பித்தது. டீமில் ஒரு வழக்கம் உண்டு. சனிக்கிழமை காலையில் புதுப்பையன்தான் தன்னோடு மீட்டிங் ரூமில் உட்காருகிற பழைய சேஃப்டிகளுக்கெல்லாம் தின்ன வாங்கிக்கொண்டு போக வேண்டும். முதல் வாரம் நைலாவுக்குக் காய்ச்சல், ஜெரிக் மறந்துவிட்டார். அன்று மதியம் அவளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகக் கிளம்பி, மைதானத்தில் நிறுத்தியிருந்த எங்கள் காரின் கதவைத் திறக்கிறேன், உள்ளிருந்து பாப்கார்ன் என் மேல் சரிகிறது. கூரை முட்ட, ஜன்னல் முட்ட, கைப்பிடி தெரியாமல், வெண்ணெய் போட்ட பாப்கார்ன். நான் இடுப்பளவு அதில் நின்றுகொண்டு குழந்தையின் இருக்கையைத் தோண்டி எடுக்கிறேன், சுவருக்கு அந்தப் பக்கம் வளர்ந்த ஆண்கள் சிரிக்கிற சத்தம் கேட்கிறது. ஆஸ்பத்திரியில் நர்ஸ் குழந்தையின் சட்டையைக் கழற்றினால் அதிலிருந்து இரண்டு விழுகிறது. "பல்லே இல்லாத பிள்ளைக்கு இதெல்லாம் குடுக்குறீங்களா?" என்று கேட்டாள். சத்துணவில் பட்டம் வாங்கிய என்னைப் பார்த்து, அத்தை. ஏ.சி. போட்டால் இன்றைக்கும் ஒன்று வருகிறது.

அன்றைக்கு முடிவு செய்தேன். இனிமேல் கடையில் வாங்குவதில்லை, நானே செய்து அனுப்புவேன், அதையும் ஒரு கணக்கோடு செய்வேன் என்று. டில்லரிக்கு வயது முப்பதைத் தாண்டிவிட்டது. அந்த வயதில் உடம்பு வாங்குகிறதைத் திருப்பிக் கொடுக்காது, இதை எனக்குக் காலேஜிலேயே சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். சேஃப்டிக்கு அரை அடி தாமதம் என்றால் வேலையே போயிற்று. ஆகவே உங்கள் பிஸ்கட்டை எடுத்தேன், பன்றிக் கொழுப்பும் மோரும் போட்டுப் பிசைந்து அடுப்பில் உப்ப வைப்பீர்களே அதுதான். அதன் மேல் சாஸேஜ் கிரேவி, பக்கத்தில் பொரித்த கோழி, அது வயிற்றில் நகராமல் இருக்க பீச் பழம் அடைத்துச் சுட்ட பை. நான்கு வருஷம் எதையெல்லாம் யாருக்கும் கொடுக்கக் கூடாது என்று படித்தேனோ அதையெல்லாம் வரிசையாக ஒரு டப்பாவில் அடுக்கினேன். மூடி மேல் "மிஸ்டர் டில்லரிக்கு, மரியாதையுடன்" என்று எழுதினேன். சனிக்கிழமைக்கு மட்டும் இருந்தது புதனுக்கும் ஆயிற்று, பிறகு தினமும். டப்பா காலியாகத் திரும்பி வரும். கழுவும்போது எனக்கு ஒரு நிம்மதி இருக்கும் பாருங்கள், ஆலயத்தில்கூட அப்படி இருந்ததில்லை.

சாயங்காலம் கார் நிறுத்துமிடத்தில் பயிற்சி வேறு. நான் குழந்தை வண்டியைத் தள்ளிக்கொண்டு ஓடுவேன். ஜெரிக் எனக்கு முன்னால் பின்னோக்கி ஓடியபடி, என் முகத்தைப் பார்க்காமல் இடுப்பைப் பார்த்து, நான் எந்தப் பக்கம் திரும்பப் போகிறேன் என்று சொல்ல வேண்டும். கண் பொய் சொல்லும், இடுப்பு சொல்லாது என்பது அவர்கள் தொழிலில் பாலபாடம். இரண்டாம் மாடிக்காரர் மேனேஜரைக் கூப்பிட்டுவிட்டார். "ஒரு தடிமாடு குழந்தைக்காரி ஒருத்தியைப் பின்பக்கமா ஓடியே துரத்துறான்" என்று புகார். வந்த மேனேஜர் ஒரு நிமிஷம் நின்று பார்த்துவிட்டு, "யாரு யாரைத் துரத்துறீங்கன்னு முதல்ல சொல்லுங்க" என்றார். தடிமாடு என்ற வார்த்தையை நான் அப்போதே கவனித்திருக்க வேண்டும்.

நேற்றுக் குடும்பத்தார் வந்து பார்க்கிற பயிற்சி நாள். வேலியோரம் நைலாவோடு நின்றேன். டில்லரி வந்தார். வந்தாரா, காற்றில் கோடு போட்ட மாதிரி போனார். கன்னம் ஒட்டி, இடுப்பு சிறுத்து, தானிய டப்பா படத்தைவிட இளமையாக. அவருக்குப் பின்னால் சட்டை இழுத்துப் பிடிக்க, மூச்சு வாங்க ஒருவர் வந்தார். யாரோ முன்வரிசைத் தடியர் என்று நினைத்தேன். கை ஆட்டினார். உங்கள் பிள்ளை. தினமும் பக்கத்தில் படுக்கிற ஆளின் எடை கண்ணில் படாது என்பதையும் காலேஜில் சொல்லிக்கொடுத்திருக்கலாம். சேஃப்டிகளின் கோச் ப்ரூயிட் என் காதுபடவே சொன்னார்: "ஜெரிக், மூஞ்சி உன்னோடது, மத்ததெல்லாம் யார்கிட்ட கடன் வாங்குன?"

இடைவேளையில் டில்லரியே தொப்பியைக் கழற்றிக்கொண்டு என்னிடம் வந்தார்.

"தங்கச்சி, நீதான் கெசியாவா? உன் கைக்குத் தங்க வளையல் போடணும். அந்த டப்பாவைத் திறந்தா மீட்டிங்ல ஒரு பயலும் கோச் சொல்றதைக் கேக்க மாட்டான்."

"நீங்க நல்லா சாப்பிடுறீங்கள்ல?" என்றேன்.

"நானா? மாவுப் பண்டத்தைத் தொட்டு வருஷக்கணக்காச்சும்மா. இந்த வயசுல ஒரு பிஸ்கட் தின்னா நேரா இங்க வந்து குடித்தனம் வெச்சிரும்." இல்லாத தொப்பையைத் தட்டிக் காட்டினார். "என் பங்கு உன் வீட்டுக்காரனுக்குத்தான். நம்ம ரூம்ல ஒரு சட்டம். டப்பா காலியாகாம புதுப்பையன் எந்திரிக்கக் கூடாது."

"அப்ப மத்தவங்க?"

"அவனுங்களும் உஷாருதான். எல்லாருக்கும் வேலை வேணுமே."

வீட்டுக்கு வந்தோம். சமையலறையில்தான் கேட்டேன். "ஏன் என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல?"

"எப்படிச் சொல்றது? பிள்ளையைத் தோள்ல போட்டுக்கிட்டு விடியுமுன்ன எந்திரிச்சு மாவு பிசையுற. வேணாம்னா அழுதுருவ."

"நான் எதுக்கு அழறேன்? அது உனக்குச் செஞ்சதே இல்ல. அந்தாளைக் குண்டாக்கச் செஞ்சது."

அவர் பெட்டி மேல் உட்கார்ந்துவிட்டார். பெட்டி அமுங்கியது. உள்ளே நீங்கள் கல்யாணத்துக்குக் கொடுத்த தட்டுகள். "சத்துணவுப் படிப்பு படிச்சது இதுக்குத்தானா?"

"இதுவரைக்கும் வேற எதுக்கு உதவிச்சு?"

"டில்லரி நல்ல மனுஷன், கெசியா."

"நல்ல மனுஷன்தான். அந்த நல்ல மனுஷனுக்கு மூணு வீடு இருக்கு. நமக்குப் பிரிக்காத பெட்டிதான் இருக்கு."

அத்தை, நான் அசருகிறவள் அல்ல. மாவு, கொழுப்பு, வெண்ணெய் எல்லாவற்றையும் இரண்டாம் மாடிக்காரருக்குக் கொடுத்துவிட்டேன், அவர் எந்த டீமிலும் இல்லை. ஜெரிக்குக்கு இனி வேகவைத்த கோழியும் வெள்ளரிக்காயும். மாடிப்படியில் நைலாவைச் சுமந்துகொண்டு ஏறி இறங்குகிறார், அவளுக்கு அது ஒன்றுதான் அழுகையை நிறுத்துகிறது. பட்டியல் வருவதற்குள் அவரைப் பழைய ஒல்லியாக்கி டில்லரியின் இடத்தில் நிறுத்தாவிட்டால் என் பெயர் கெசியா இல்லை. இதற்கு உங்கள் உதவி வேண்டும். பீச் ஜாம் பாட்டில்கள் அனுப்புவதை நிறுத்துங்கள். கடைசிப் பயிற்சி ஆட்டத்துக்குச் சபை பஸ்ஸைப் பிடித்துக்கொண்டு நீங்கள் யாரும் வர வேண்டாம், பஸ் வந்தால் பவுண்டு கேக்கும் கூட வரும். முக்கியமாக, பிள்ளை இளைத்துப்போனான் என்று போனில் அவரிடம் அழாதீர்கள். அவர் இளைக்கவில்லை, இளைக்க வேண்டும்.

சபையார் எல்லாருக்கும் எங்கள் அன்பு. பாஸ்டர் எங்களுக்காக ஜெபிக்கும்போது எடை என்ற வார்த்தையைச் சேர்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். உங்கள் கைகளும் முழங்கால்களும் நெடுநாள் பலத்தோடிருக்கக் கர்த்தர் காக்கட்டும். நைலா உங்களுக்கு ஒரு முத்தம் தருகிறாள், காகிதத்தில் ஈரமாக இருப்பது அதுதான்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மருமகள்
கெசியா

பி.கு.: தபால்தலை வாங்க மறந்து இந்தக் கடிதம் இத்தனை நாளும் பிரிட்ஜ் மேலேயே கிடந்தது, நல்லதாயிற்று. மேலே எழுதியிருப்பது எதையும் கேட்காதீர்கள். நேற்று அந்தக் கடைசிப் பயிற்சி ஆட்டம். பின்பாதியில் ஜெரிக்கை இறக்கினார்கள். எதிர் டீமில் பீரோ மாதிரி ஒருவன் பந்தோடு எல்லாரையும் பிய்த்துக்கொண்டு வெளியே வந்தான். அவனுக்கும் கோட்டுக்கும் நடுவில் உங்கள் பிள்ளை ஒருத்தர்தான். போன ஆட்டத்தில் இவனைப் போல ஒருவன் அவர் மேல் ஏறிப் போன பூட்ஸ் தடம் இன்னும் நெஞ்சில் இருக்கிறது, நான் கண்ணை மூடிக்கொண்டேன். மைதானம் முழுக்க ஒரு சத்தம். திறந்து பார்த்தால் பீரோ தரையில் உட்கார்ந்து, இங்கே சுவர் எப்போது கட்டினார்கள் என்பது போலச் சுற்றிப் பார்க்கிறது. ஜெரிக் நின்ற இடத்தைவிட்டு அசையவில்லை. வெள்ளரிக்காயால் ஒரு சுற்றுகூடக் குறையாத அந்த உடம்புதான்.

ஆட்டம் முடிந்ததும் ப்ரூயிட் கூப்பிட்டு, "வீட்ல யாரு சமையல்?" என்று கேட்டாராம். பொண்டாட்டி என்றிருக்கிறார். "அவங்க நிறுத்திறாம பாத்துக்க. இதே எடை, கூடவும் கூடாது, குறையவும் கூடாது" என்று சொல்லிவிட்டு, நடுவில் நிற்கிற தடியர்களில் ஒருவரை உட்கார வைத்து, இனி மூன்று சேஃப்டிகளோடு ஆட்டத்தைத் தொடங்கப்போவதாகச் சொன்னாராம். டில்லரி பழைய இடத்திலேயே இருக்கிறார். ஜெரிக் அவருக்கு முன்னால். இன்று காலை பட்டியலும் வந்துவிட்டது. பெட்டிகளைப் பிரித்துவிட்டேன், உங்கள் தட்டுகளில் உடைந்தது ஒன்றுதான். ஆகவே ஜாம் வரட்டும், பஸ் வரட்டும், சிஸ்டர் ஹாட்டியும் கேக்கும் வரட்டும், இதைத் தாராளமாகச் சலூனில் படியுங்கள்.

ஒரே ஒரு சிக்கல். உட்கார வைக்கப்பட்ட தடியரின் மனைவி மதியம் வீட்டுக்கு வந்தாள். மிகவும் மரியாதையான பெண், கையில் ஒரு பெரிய தட்டு நிறைய சீஸ் போட்ட மக்ரோனி. "புதுசா குடிவந்திருக்கீங்க, உங்க வீட்டுக்காரர் நல்லா சாப்பிடட்டும்" என்றாள். மூடியைத் திறந்து வெண்ணெயின் ஆழத்தைப் பார்த்தேன். படித்தவள் அவளும். ஜெரிக் கையில் படாமல் அதை இரண்டாம் மாடிக்கு அனுப்பிவிட்டேன். ஆனால் வந்த பாத்திரத்தை வெறுமனே திருப்பிக் கொடுப்பது நம் வீட்டு வழக்கம் இல்லையே. அதில் எதை வைத்துக் கொடுப்பது, உங்கள் பிஸ்கட் போதுமா, கிரேவியும் வேண்டுமா? சீக்கிரம் பதில் எழுதுங்கள், அத்தை.