ஒரு ஸ்பூன்கூட விடாமல்

லாரி நிற்கவில்லை.

போடி பஜாரில் தன் ஏலக்காய்க் கடை வாசலில் நின்று மஸ்தான் ராவுத்தர் இரண்டு கைகளையும் ஆட்டினார். தோளில் கிடந்த துண்டை எடுத்து அதையும் ஆட்டினார். சென்னையிலிருந்து மகன் வீட்டுச் சாமானை ஏற்றி வந்த லாரி, மரியாதைக்கு ஒரு ஹார்ன் அடித்துவிட்டு, போடிமெட்டு ரோட்டில் மலையைப் பார்க்கப் போய்விட்டது.

மஸ்தான் டிரைவருக்கு ஃபோன் போட்டார்.

"வேலுச்சாமி! ஊரத் தாண்டிப் போறியேப்பா!"

"தெரியும்ணே. பூப்பாறை போயிட்டு வர்றேன்."

"பூப்பாறை கேரளாவுல இருக்குய்யா! எஞ்சாமான் போடியில எறங்கணும்!"

"ஒங்க சாமான் உள்ளுக்குள்ள கெடக்குண்ணே. பூப்பாறைக்காரரு சாமான் கதவ அடைச்சுக்கிட்டு நிக்குது. அத எறக்காம ஒங்களதத் தொடக்கூட முடியாது."

ஃபோன் துண்டித்துப் போனது. மத்தியானச் சோறு கொண்டு வந்திருந்த சபியா, கணவனை ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வைதான் மஸ்தானுக்குச் சுருக்கென்றது. சொல்ல வேண்டியதை எல்லாம் அவள் முன்னாடியே சொல்லிவிட்டாள்.

மகன் தௌஹீத்துக்குக் கப்பலில் வேலை. வருஷத்தில் பாதி கடலில், மீதி சென்னையில் ஒரு வாடகை வீட்டில். மஸ்தான் அந்த வீட்டை ஒரு நாளும் பார்த்ததில்லை. இந்தத் தடவை திடீரென்று கப்பலுக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். சாவியை போடிக்குக் கூரியரில் அனுப்பிவிட்டு, துறைமுகத்திலிருந்து பேசினான்.

"அத்தா, மாசக் கடைசிக்குள்ள வீட்டக் காலி பண்ணணும். எஞ்சாமான எடுத்துட்டு சாவியக் குடுத்துருங்க. மிச்சத்த அப்புறம் சொல்றேன்."

அந்த அப்புறம் வருவதற்குள் கப்பல் கடலுக்குள் போய்விட்டது. சிக்னலும் கூடவே போய்விட்டது.

வீடு மாற்றிக் கொடுக்கும் கம்பெனிகளை மஸ்தான் ஃபோனிலேயே விசாரித்தார். முதல் கம்பெனிக்காரர், "வீட்டைப் பாக்காம ரேட்டு சொல்ல மாட்டோம் சார்" என்றார். உத்தேசமாகவாவது சொல்லச் சொல்லி நச்சரித்த பிறகு அவர் சொன்ன ரேட்டில் மஸ்தானுக்கு வியர்த்துவிட்டது. இரண்டாவது கம்பெனி மாடிக்குத் தனி, லிஃப்டுக்குத் தனி, அட்டைப்பெட்டிக்குத் தனி என்று பிரித்துப் பிரித்துச் சொன்னது. மூன்றாவதாக யோகராஜ் என்று ஒருவன் கிடைத்தான்.

"நானும் நம்ம தேனிப் பக்கந்தாண்ணே! ஒங்கட்டப் போயி கூட வாங்குவேனா?"

முதல் கம்பெனி சொன்னதில் பாதி கேட்டான். மஸ்தான் அதிலும் அடித்துக் குறைத்தார்.

"பாதி வெலைக்கு வர்ற ஏலக்காய உரிச்சுப் பாக்காம வாங்குவீங்களா நீங்க?" என்று சபியா அன்றைக்கே கேட்டாள்.

"ஏலக்காய் வேற, லாரி வேற. எனக்குத் தெரியும், நீ சும்மா இரு."

சென்னையிலிருந்து போடிக்கு வந்த சாவி, மறுபடியும் கூரியரில் சென்னைக்கே போனது. யோகராஜ் வீட்டைத் திறந்ததும் கூப்பிட்டான்.

"அண்ணே, சாமான் ரொம்பக் கெடக்கே! சோபா, தேக்குக் கட்டிலு, ஃபிரிட்ஜு, வாஷிங் மெஷினு, பெரிய டிவி..."

மஸ்தானுக்கு நெஞ்சு விம்மியது. "கப்பல்காரன் வீடுன்னா சும்மாவா? ஒரு ஸ்பூன்கூட விடாம ஏத்து!"

"சுவத்துல ஏசி மாட்டியிருக்கே?"

"கழட்டு!"

"சீலிங் ஃபேனு?"

"அத என்ன காக்காய்க்கா விட்டுட்டு வருவ? கழட்டுய்யா!"

சாமான் கூடியதும் லாரி பெரிசாயிற்று, வாடகையும் ஏறிற்று. மஸ்தான் அசரவில்லை. "மிச்ச எடத்துல வேற யாரு லோடாவது சேத்துப் போடு. வாடகையில பாதியக் கழிச்சுக்க" என்று யோசனை சொன்னார். அந்த யோசனைதான் இப்போது பூப்பாறைக்குப் போய்க்கொண்டிருந்தது.

மேலே போகிற ஒரு ஜீப்பில் மஸ்தான் தொற்றிக்கொண்டார். லாரி எல்லை தாண்டிவிட்டால் சாமானை எந்த ஊரில் தேடுவது? வழியெல்லாம் "வெரசாப் போப்பா, வெரசாப் போப்பா" என்று ஜீப்புக்காரனின் உயிரை வாங்கினார். நடுமலையில் ஒரு கொண்டை ஊசி வளைவில் லாரி கண்ணில் பட்டது. நின்றுகொண்டிருந்தது. முன்னால் புகை, சுற்றிலும் மூடுபனி, பின்சக்கரத்துக்குக் கல் முட்டு. சக்கரத்துக்கு ஒரு முழம் தள்ளிப் பள்ளம்.

"ஓவர் லோடுண்ணே, இழுக்க மாட்டேங்குது" என்றான் வேலுச்சாமி. "எறக்குனாத்தான் வண்டி நகரும்."

"அப்ப எறக்கு! எஞ்சாமான எறக்கு!"

லாரியில் வந்திருந்த லோடுமேன்கள் பூப்பாறைக்காரர் சாமானை வெளியே எடுத்து, மஸ்தான் சாமானை இறக்கி, பூப்பாறைச் சாமானை மறுபடி ஏற்றினார்கள். இரண்டு தடவை ஏற்றி இறக்கிய கூலியை மஸ்தான் தலையில் கட்டினார்கள். பாரம் குறைந்த லாரி குதிரை மாதிரி கிளம்பிப் பனிக்குள் மறைந்தது.

அப்போது தூறல் விழ ஆரம்பித்தது. மஸ்தான் டிவி மேல் துண்டைப் போட்டார். சோபா நனைந்தது. துண்டை எடுத்து சோபா மேல் போட்டார். டிவி நனைந்தது. மேலிருந்து எஸ்டேட் ஆட்களை ஏற்றிக்கொண்டு வந்த ஜீப்புகள் வழி கிடைக்காமல் வரிசையாக ஹார்ன் அடித்தன. முதல் ஜீப்பிலிருந்து ஏலக்காய் பறிக்கிற மருதாயி எட்டிப் பார்த்தாள்.

"என்ன ராவுத்தரே, ரோட்டுலயே குடித்தனமா?"

"ஆத்தா, நீயுமா! எப்படியாச்சும் இதையெல்லாம் போடியில எறக்கி விடச் சொல்லுத்தா!"

மருதாயி இறங்கி இடுப்பில் சேலையைச் செருகினாள். கட்டிலும் சோபாவும் ஃபிரிட்ஜும் ஜீப்புகளின் மேலே ஏறின. மற்றதை ஆளுக்கொன்றாக மடியில் வைத்துக்கொண்டார்கள். ஒருத்தி மடியில் மிக்ஸி, ஒருத்தி மடியில் குக்கர், இன்னொருத்தி ஃபேன் இறக்கைகளைப் பிள்ளை மாதிரி அணைத்துக்கொண்டாள். கடைசி ஜீப்பில் வாஷிங் மெஷினைக் கட்டிப்பிடித்தபடி மஸ்தான் இறங்கினார். ஒவ்வொரு வளைவிலும் அது அவரைப் பள்ளத்துப் பக்கம் தள்ளியது. தெரிந்த துஆவையெல்லாம் ஓதினார்.

போடியில் அவருடைய ஜீப்பு நின்றது. மற்றவை நிற்காமல், ஏறியிருந்தவர்களின் ஊருக்கே போய்விட்டன.

மறுநாளிலிருந்து மஸ்தான் கடையைச் சாத்திவிட்டு ஊர் ஊராக அலைந்தார். சிலமலையில் டிவியைச் சுற்றி ஒரு தெருவே உட்கார்ந்திருந்தது; சீரியல் முடிந்தபிறகுதான் எடுக்க விட்டார்கள். ராசிங்காபுரத்தில் ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. அதன் கீழே தூங்கியவரை எழுப்ப மனசு வராமல் காத்திருந்தார். மிக்ஸி சட்னி வாசத்தோடு வந்தது. குக்கரில் பாதி சோறும் வந்தது.

ஒருவழியாக எல்லாம் வந்து சேர்ந்தது. ஆளைக் கூப்பிட்டு, சுவரில் ஓட்டை போட்டு, ஏசியை மாட்டினார். திரைச்சீலையும் தொங்கவிட்டாயிற்று. அக்கம்பக்கத்தார் வந்து பார்த்து, "மகன் நல்லாத்தான் சம்பாரிச்சிருக்கான்" என்றார்கள்.

"மொதக் கம்பெனி கேட்டதவிட ஒண்ணரப் பங்கு ஆயிருச்சு" என்றாள் சபியா.

"ஆகட்டுமே! ஒரு ஸ்பூனு கொறஞ்சுச்சா? சொல்லு பாப்போம்!"

சொல்லிவிட்டு மஸ்தான் சோபாவில் சாய்ந்து காலை நீட்டினார். பல நாளுக்குப் பிறகு நிம்மதியாகக் கண்ணை மூடினார். ஃபோன் அடித்தது. சென்னை நம்பர்.

"தௌஹீத் தம்பியோட அப்பாங்களா? நான் அந்த வீட்டு வாட்ச்மேன் பிச்சைமணி. ஊருக்குப் போயிட்டு இன்னிக்குத்தான் வந்தேன்."

"சொல்லுங்க, சொல்லுங்க! சாவி வந்துருச்சுல்ல?"

"சாவி வந்துச்சுங்க. தம்பியோட சாமான் ரெண்டு பெட்டியும் என் ரூம்லயே பத்திரமா இருக்கு, வந்து எடுத்துக்குங்க. ஆனா வெரசா வாங்கய்யா, சாமானோட வாடகைக்கு விட்ட வீட்டுல சீலிங் ஃபேனக்கூடக் காணமேன்னு ஓனரம்மா போலீஸக் கூட்டிட்டு வந்து நிக்குது!"