கிளி இல்லாத கிளிக்காரர்

உலகத்தில் கிளி வளர்த்தவர்கள் கோடிப்பேர் இருப்பார்கள். கிளியே இல்லாமல் நாலு வருஷம் கிளிக்குத் தீனி காத்த ஒரே பிறவி எங்கள் கிளிக்காரர்தான். இந்த விஷயத்தில் அவருக்குப் போட்டியாக யாரையாவது கொண்டுவந்து நிறுத்துங்கள், நான் எழுதுவதையே விட்டுவிடுகிறேன்.

குளுவாங் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்து ஆபீசில் நான் சின்னக் கிராணியாகக் கணக்கெழுதிக்கொண்டிருந்த காலம் அது. ஜொகூர் பாருவிலிருந்து கடலுக்குக் குறுக்கே பாதை போட்டு, சிங்கப்பூருக்கு ரயில் போக ஆரம்பித்துச் சில வருஷங்கள் ஆகியிருந்தன. கிளிக்காரர் தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரெஸர். காய்ச்சலுக்குக் கொய்னா, வயிற்றுக்கு விளக்கெண்ணெய், மற்ற வியாதிகளுக்கெல்லாம் ஒரு முறைப்பு. இதுதான் அவர் வைத்தியம். ஆஸ்பத்திரிக்குப் பின்னால் இருந்த பலகை வீட்டில், குடும்பத்தை ஊரில் விட்டு வந்தவர்களும் என்னைப் போலக் குடும்பமே இல்லாதவர்களுமாக மெஸ் வைத்துச் சாப்பிட்டோம். அவரும் நானும் அடுத்தடுத்த அறை.

அவருக்கு நாகப்பட்டினத்தில் மனைவியும் ஆறு வயதில் ஒரு பெண்ணும் இருந்தார்கள். அவர்களை அழைத்துக்கொள்ளத் துரை அனுமதி கொடுத்தவுடன் ஊருக்கு எழுதினார். பதில் வந்தது. “பாப்பா தன் கிளியை விட்டு வரமாட்டேன் என்கிறாள். அது தினையைத் தவிர வேறெதையும் தொடாது. அங்கே தினை கிடைக்குமா?”

“தாராளமாகக் கிடைக்கும், புறப்பட்டு வாருங்கள்” என்று அன்றைக்கே பதில் போட்டுவிட்டார். போட்ட பிறகுதான் விசாரிக்கக் கிளம்பினார். தோட்டத்துக் கடையில் தினை இல்லை. குளுவாங் கடைத்தெருவிலும் இல்லை. கடைக்காரர்கள் அரிசியைக் காட்டினார்கள், பருப்பைக் காட்டினார்கள், ஒருவர் கருவாட்டையே காட்டினார். சொன்ன பொய்யை மெய்யாக்குவதைத் தவிர மனிதருக்கு வேறு வழியில்லை. ஊருக்குப் போய்த் திரும்பும் கங்காணி ஒருவரிடம் சொல்லி, உமி போகாத தினையாக ஒரு சின்ன மூட்டை வரவழைத்தார்.

மூட்டை வந்தது. குடும்பம் வரவில்லை. மாமியாருக்கு வாதம் என்றார்கள். அடுத்த வருஷம் மச்சானுக்குக் கல்யாணம். அதற்கடுத்த வருஷம் கப்பலில் அம்மை என்று யாரோ பயமுறுத்திவிட்டார்கள். இதோ வருகிறோம், அதோ வருகிறோம் என்று கடிதம் மட்டும் தவறாமல் வந்தது. எந்த மாதம் வந்து இறங்கினாலும் கிளிக்குத் தினை புதிதாக இருக்கவேண்டும் என்று இவர் வரிந்து கட்டிக்கொண்டு நின்றார்.

ஜொகூர் ஈரம் உங்களுக்குத் தெரியாதது இல்லை. ராத்திரி கழற்றிப் போட்ட செருப்பு காலையில் பூசணம் பூத்திருக்கும். அந்த ஊரில் தினையைக் காப்பது லேசா? முதலில் மண்ணெண்ணெய் டின்னைக் கழுவி வைத்துப் பார்த்தார். தினை விளக்கேற்றுகிற வாசனை அடித்தது. பிஸ்கட் டின் துருப்பிடித்தது. கடைசியில் ஆஸ்பத்திரியின் பெரிய வாயகன்ற கண்ணாடிப் போத்தல் ஒன்றைக் கொண்டுவந்து, கொதிநீரில் கழுவி, வெயிலில் காயவைத்து, அடியில் சுண்ணாம்புக் கல்லைத் துணியில் முடிந்து போட்டு, தினையைக் கொட்டி, மூடியைச் சுற்றி மெழுகு வைத்து அடைத்தார். மெஸ்காரர்கள் கைவைக்காமல் இருக்க “விஷம்” என்று ஒரு சீட்டும் ஒட்டினார்.

புதுத் தினை வந்தால் பழையதோடு கலக்கமாட்டார். பழசு முழுவதும் ஆஸ்பத்திரிக் கோழிகளுக்குப் போகும். எங்கள் தோட்டத்து முட்டையைத் துரை வாயாரப் புகழ்ந்ததற்குக் காரணம் எனக்கும் கோழிகளுக்கும்தான் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை பரீட்சை. மேலே இருந்து கொஞ்சம், நடுவிலிருந்து கொஞ்சம், அடியிலிருந்து கொஞ்சம் எடுத்து மெல்லுவார். எனக்கும் கொடுப்பார்.

“கசக்குதா?”

“இல்லண்ணே.”

“சிக்கு வாடை?”

“கிளி சாப்பிடுறதுதானே, கொஞ்சம் முன்னே பின்னே இருந்தா என்னண்ணே?”

“அலமாக்! பூசணம் பட்ட தினை கிளிக்கு எமன், தெரியுமா? ஈரலையே அரிச்சிடும். நல்லா மென்னு சொல்லு!”

பிறகு முறத்தில் பரப்பி வெயில் காட்டுவார். எங்கள் ஊர் வெயிலை நம்பி எதைக் காயவைக்க முடியும்? ஒருநாள் விளக்கெண்ணெய்க்கு வரிசையில் நின்றவர்களை அப்படியே விட்டுவிட்டு, மழைக்கு முந்திக்கொண்டு முறத்தோடு ஓடினார். எதிரே துரை. என்ன அது என்று கேட்டார். “மருந்து” என்றார் இவர். துரை தொப்பியைக் கழற்றி முறத்தின் மேல் பிடித்துக்கொண்டு கூடவே ஓடிவந்தார்.

நாங்கள் சிரிக்காத நாளில்லை. ஆனால் ஒன்று சொல்கிறேன். அவர் ஊருக்கு எழுதும் கடிதங்களைத் தபாலில் சேர்ப்பவன் நான். ஒட்டுவதற்கு முன் என்னிடமே படித்துக் காட்டுவார். “தினை நன்றாக இருக்கிறது”, மிஞ்சினால் “தினையில் வண்டு வைத்துவிட்டது” என்றுதான் இருக்கும். தான் தனியாகக் கிடப்பதையோ, சாயங்காலமானால் வாசல் படியில் உட்கார்ந்து ரப்பர் மரங்களைப் பார்த்துக்கொண்டிருப்பதையோ ஒருதரம்கூட எழுதவில்லை. பக்கத்துப் படியில் உட்கார்ந்து அதே மரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தவன் நான். எனக்குக் கடிதம் எழுதக்கூட ஆளில்லை.

நாலாவது வருஷம் நிஜமாகவே கடிதம் வந்தது. டிக்கெட் எடுத்தாயிற்று, மூன்று வாரத்தில் கப்பல். மெஸ்ஸே குதித்தது. பாயசம் வைக்கச் சொல்லிவிட்டு எல்லோரும் வேலைக்குப் போனோம். கிளிக்காரரை ஒரு காய்ச்சலைப் பார்க்கத் துரை பங்களாவுக்குக் கூப்பிட்டிருந்தார்கள்.

சமையல்காரர் முத்தையாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஜவ்வரிசி தீர்ந்துபோயிருந்தது. மெஸ் அலமாரியில் தங்க நிறத்தில் ஒரு போத்தல் நிறையத் தானியம் இருந்தது. உரலில் குத்தி, தேங்காய்ப்பால் ஊற்றி, வெல்லம் தட்டிப் போட்டுவிட்டார். அருமையான பாயசம். ஏதோ நொய் என்று நினைத்து ஆளுக்கு இரண்டு குவளை குடித்தோம்.

முந்தாநாள்தான் வேலைக்குச் சேர்ந்திருந்த புது வாத்தியார் கை கழுவப் போனவர், காலிப் போத்தலையும் அதிலிருந்த சீட்டையும் பார்த்தார். அப்படியே தரையில் படுத்துவிட்டார்.

“என் பொண்டாட்டிக்கு எழுதுங்கய்யா, நான் நல்லவனாத்தான் செத்தேன்னு எழுதுங்க!”

அந்த நேரம் பார்த்துக் கிளிக்காரர் உள்ளே வந்தார். கீழே கிடந்து புரளும் மனிதரைத் தாண்டி வந்து, போத்தலைக் கையில் எடுத்துப் பார்த்தார்.

“எல்லாத்தையுமா தின்னுட்டீங்க?”

வாத்தியார் அழுகையை நிறுத்திவிட்டார். கிளிக்காரர் காலிப் போத்தலோடு மூலையில் உட்கார்ந்துவிட்டார். இரண்டு நாள் சாப்பிடவும் இல்லை. ஊருக்கு எழுதி வரவழைக்க நேரமில்லை. கிளி வந்து பட்டினி கிடந்தால், பாப்பா அடுத்த கப்பலிலேயே திரும்பிப் போய்விடுவாள் என்று அவர் மனதில் விழுந்துவிட்டது.

குற்ற உணர்ச்சி தாங்காமல் நான் லீவு போட்டுவிட்டு ஜொகூர் பாருவுக்கு ரயில் ஏறினேன். கடை கடையாக ஏறி இறங்கிக் கடைசியில் ஒரு சீனர் கடை. வாசலில் புறாக்கூண்டு தொங்கியது. கூண்டுக்குக் கீழே, வாய் திறந்த சாக்கில், சத்தியமாகச் சொல்கிறேன், தினை!

“பூரோங் மாகான்லா!” என்றார் கடை முதலாளியான தவுக்கே. பறவைத் தீனியாம். மலாய்க்காரர்கள் தங்கள் புறாக்களுக்கு வாரம் தவறாமல் வாங்கிப் போவார்களாம். எத்தனை வருஷமாக விற்கிறீர்கள் என்று கேட்டேன். அவர் அப்பா காலத்திலிருந்து விற்கிறார்களாம்.

திரும்பும் வழியெல்லாம் யோசனை. இதை எப்படிச் சொல்வது? நாலு வருஷம் வெயிலோடும் மழையோடும் வண்டோடும் போராடியது வெட்டி வேலை என்று ஒரு மனிதரிடம் எந்த வாயால் சொல்வது? புதிதாக வந்த கங்காணி ஒருவர் கொடுத்தார் என்று புளுகினேன்.

அவர் ஒரு பிடி அள்ளி முகர்ந்தார். கண் கலங்கியது.

“நம்ம ஊர்த் தினைடா தம்பி! வாசனையே சொல்லுதே. இந்த ஊர்ல இப்படிக் கிடைக்குமா?”

“கிடைக்கவே கிடைக்காதுண்ணே.”

கப்பல் வரும் நாளன்று துணைக்கு என்னையும் சிங்கப்பூருக்கு இழுத்துப் போனார். போத்தலை மடியில் வைத்துக்கொண்டே ரயிலில் வந்தார். துறைமுகத்தில் கூட்டம் இறங்கியது. மனைவி ஒரு டிரங்குப் பெட்டியோடு வந்தார். பக்கத்தில் அம்மாவின் தோள் உயரத்துக்கு வளர்ந்த ஒரு பெண். கிளிக்காரர் அவர்களைப் பார்க்காமல் அவர்கள் முதுகுக்குப் பின்னால் கூண்டைத் தேடினார்.

“கிளி எங்க?” நாலு வருஷத்துக்குப் பிறகு மனைவியிடம் அவர் பேசிய முதல் பேச்சு இது.

“அது செத்து ரெண்டு வருஷம் ஆகுதுங்க.”

“ஏன் எழுதல?”

அந்த அம்மாள் தலையைக் குனிந்துகொண்டார்.

“நீங்க எழுதுறதே தினையைப் பத்திதான். கிளி இல்லன்னு தெரிஞ்சு அதையும் நிறுத்திட்டீங்கன்னா நாங்க என்ன செய்யிறது? தினை நல்லா இருக்குன்னு எழுதினா, நீங்க நல்லா இருக்கீங்கன்னு எடுத்துக்குவோம். ஒருதடவ வண்டு வச்சிடுச்சுன்னு எழுதியிருந்தீங்க. பாப்பா ரெண்டு நாள் சோறு தின்னல.”

அவர் போத்தலை மெதுவாகக் கீழே வைத்தார். அத்தனை கூட்டத்தின் நடுவே, மேல்துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். பெண் ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

“அழாதீங்கப்பா. வேற கிளி வாங்கிக்கலாம்.”

“வேணாம் தாயி. நீ வந்துட்டேல்ல, போதும்.”

ரயிலில் அவர்கள் மூன்று பேரும் ஒரு பக்கம், எதிரே நான். பெண் அவர் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். அவளை எழுப்பிவிடக்கூடாதென்று குளுவாங் வரும்வரை மனிதர் ஆடாமல் அசையாமல் இருந்தார். நான் வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. முகத்தை மட்டும் ஜன்னல் பக்கமிருந்து திருப்பவில்லை.

மறுநாள் அவர் தோட்டத்துக் குடும்ப வீட்டுக்குக் குடிபோனார். என் பக்கத்து அறைக்கு வாத்தியார் வந்தார். தங்கமான மனிதர், நான் எது சொன்னாலும் சிரிப்பார். ஆறு மாதம் அவரிடம் நான் முகம் கொடுத்துப் பேசவில்லை.