நான் வரைந்த படமும் பத்தேகால் மணிச் சங்கும்

அன்று நடந்ததை முதலில் வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

1. எங்கள் எஸ்டேட்டின் தேயிலை ஆலைக்காக என் முதல் மின்சுற்றுப் படத்தை வரைந்தேன்.
2. வயர்மேன் மாரியப்பன் அண்ணன் அந்தப் படத்தைப் பார்த்து, துளியும் பிசகாமல் கம்பிகளைப் பூட்டினார்.
3. காலை பத்தேகாலுக்கு, வேலை முடிகிற சங்கு ஊதியது.
4. மலைச்சரிவில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த அத்தனை பேரும் கூடையோடு இறங்கி வந்தார்கள். என் அம்மாவும்தான்.
5. நான் கொஞ்ச நேரம் வாயைத் திறக்கவில்லை.

முதல் நான்கையும் சிரித்துக்கொண்டே சொல்வேன். ஐந்தாவது இன்றும் உறுத்துகிறது.

ஐந்தாறு வருடத்துக்கு முன்பு, எண்பதுகளின் தொடக்கம் அது. மலேசியாவின் ஈப்போ நகரில் தொழிற்பயிற்சி முடித்து, ரிங்லெட்டுக்கு மேலே எங்கள் எஸ்டேட் பட்டறையில் மூன்று மாதத் தற்காலிக வேலையில் சேர்ந்திருந்தேன். பட்டறைக்குள் வந்த முதல் பெண் நான். (அந்தப் பெருமையில் கொண்டையில் பென்சில் செருகிக்கொண்டு திரிவேன். எடுக்க மறந்து தூங்கியும் இருக்கிறேன்.)

கொடுத்த வேலை எளியது. இலை உலர்த்தும் இயந்திரம் அளவுக்கு மேல் சூடானால், பக்கத்தில் ஒரு மணி அடிக்க வேண்டும். ஒரு டிரான்சிஸ்டர், ஒரு ரிலே, ஒரு மணி. அரைப் பக்கத்தில் அடங்கிவிடும். நான் மேசை கொள்ளாத தாளில் வரைந்தேன். கம்பி சுவரில் எப்படி ஓடுமோ அப்படியே தூணைச் சுற்றி, ஜன்னலுக்கு மேலேறி, கதவோரம் இறங்கி! தாப்பாவிலிருந்து மலையேறும் சாலைகூட அத்தனை வளைவு வளையாது. முழுமையாக இருக்கட்டுமே என்று, ஆபீஸ் பொத்தானிலிருந்து சங்குக்குப் போகும் பழைய கம்பியையும் அதே தாளில் சேர்த்தேன். மணிக்குப் போகும் கோடும் சங்குக்குப் போகும் கோடும் ஓரிடத்தில் குறுக்கிட்டன.

குறுக்கிடும் கோடுகள் உண்மையில் இணைகின்றன என்றால் அங்கே ஒரு கரும்புள்ளி வைக்க வேண்டும். புள்ளி இல்லையென்றால் ஒன்றையொன்று தொடாமல் தாண்டிப் போகின்றன என்று பொருள். பயிற்சியில் முதல் வாரமே சொல்லித் தந்தது. நான் இணைகிற இடத்திலும் புள்ளி வைக்கவில்லை. (படத்தின் அழகு கெட்டுவிடுமாம்.) எது சேர்கிறது, எது தாண்டுகிறது என்று தெரியாமல், பாவம், மாரியப்பன் அண்ணன் எல்லாவற்றையும் இணைத்துவிட்டார். இயந்திரம் சூடானது. மணியோடு சங்கும் அலறியது.

அண்ணன் ஓடிப்போய் ஃபியூஸைப் பிடுங்குவதற்குள் ஆலை வாசலில் கூட்டம் சேர்ந்துவிட்டது.

"என்னாடி இது, அரைக் கூடைகூட நெறையல, அதுக்குள்ள ஊதிட்டாங்க?" என்றார் அம்மா.

"தொரை வூட்ல ஏதும் விசேஷமா இருக்கும் லா," என்றார் பக்கத்தில் நின்ற அக்கா ஒருவர், மகிழ்ச்சியாக.

துரை வந்தார். (எஸ்டேட் மேனேஜரைத்தான் அப்படிச் சொல்வோம். வெள்ளைக்காரர் அல்ல, எங்களைப் போலத் தமிழர்தான். ஆனாலும் துரை துரைதான்.) நேராக அண்ணனிடம் போனார்.

"மாரியப்பா, இருபது வருஷமா வயர் பூட்டுறே. எது மணி, எது சங்குன்னு தெரியாதா? நாளையிலேர்ந்து பட்டறைக்கு வராதே. வெளிக்காட்டுல புல்லு வெட்டுற வேலைக்குப் போ."

அண்ணன் என்னைப் பார்க்கவில்லை. கையிலிருந்த என் படத்தையே பார்த்தார். நான் கூரைத் தகரத்தைப் பார்த்தேன். வெள்ளிக்கிழமையோடு என் மூன்று மாதம் முடிகிறது. என்னை யாரும் எதுவும் கேட்கவில்லையே என்று மனதுக்குள் ஒரு நியாயமும் தயாராகிக்கொண்டிருந்தது.

அண்ணன் மெதுவாகச் சொன்னார்: "தொரை, நம்ம மலையில ரெண்டு பாதை குறுக்க வந்தா சேரத்தானே செய்யும்? ஒண்ணுக்கு மேல ஒண்ணு போற பாதைய நான் பாத்ததே இல்ல."

உண்மைதான். தேயிலைக்கு நடுவில் எந்த இரண்டு பாதை சந்தித்தாலும் எந்தப் பக்கமும் திரும்பலாம். எங்கள் மலையில் மேம்பாலம் ஏது? படத்தைப் படிக்கிறவர் எந்த ஊர்க்காரர் என்று யோசிக்காமலே வரைந்திருக்கிறேன்.

"தப்பு என்னோடது, தொரை," என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. இன்னொரு முறை சொன்னேன். "அண்ணன் படத்துல உள்ளபடிதான் பூட்டினாரு. நான் புள்ளி வைக்கல."

"என்னா புள்ளி?"

நான் பதில் சொல்வதற்குள் அம்மா முந்திக்கொண்டார். "வூட்டு வாசல்ல கோலத்துக்கே இவ புள்ளி வைக்கமாட்டா, தொரை. எல்லாம் நாந்தான்!"

கூட்டம் சிரித்தது. துரையின் மீசை அசைந்தது. அது சிரிப்பென்று சத்தியம் செய்ய மாட்டேன். அண்ணன் பட்டறையிலேயே இருக்கலாம் என்றார். எனக்கு வேலை நிரந்தரமில்லை, இன்னும் மூன்று மாதம் பார்க்கலாம் என்றார்.

அன்று மதியம் அண்ணனைப் பக்கத்தில் உட்காரவைத்து மறுபடி வரைந்தேன். மின்சாரம் வரும் கோடு மேலே, பூமிக்கோடு கீழே. சூட்டை உணரும் பாகம் இடது பக்கம், மணி வலது பக்கம். சுவரும் தூணும் இல்லை. சங்குக்குத் தனித்தாள். இணைகிற இடமெல்லாம் மிளகு அளவில் புள்ளி. மூன்றாவது தாளில்தான் அண்ணன், என்னிடம் எதுவும் கேட்காமல், விரலை இடமிருந்து வலமாக ஓட்டிவிட்டு, "இப்பத்தான் தங்கச்சி பாதை தெரியுது," என்றார்.

மூன்று மாதம் கழித்து வேலை நிரந்தரமானது. சரியான நேரத்துக்குச் சங்கு ஊதினாலும், "இது நெசச் சங்கா, எம்மவ சங்கா?" என்று கேட்டுவிட்டுத்தான் அம்மா மலையிலிருந்து இறங்குகிறார். இப்போது பட்டறையில் என்னோடு சேர்த்து மூன்று பெண்கள் இருக்கிறோம். மாரியப்பன் அண்ணன் இன்னும் எங்கள் வயர்மேன்தான். அவர் விரல் ஓட்டிப் பார்க்காத எந்தப் படத்திலும் நான் கையெழுத்துப் போடுவதில்லை.