சந்தனம் வைத்த எஞ்சின்

காஞ்சிபுரம்,
20-10-1970.

அன்புள்ள மாப்பிள்ளை இளங்கோவன் அவர்களுக்கு மாமனார் ஆதிகேசவன் ஆசி கூறி எழுதுவது. இங்கே நானும் உங்கள் மாமியாரும் சுகம். அங்கே நீங்களும் குழலியும் சுகமென்று நம்புகிறேன். நீங்கள் வீடு மாறும்வரை எங்களிடம் விட்டுப்போன பொம்மை ரயில் எஞ்சினும் சுகமே. ஓட மாட்டேன் என்கிறதே தவிர வேறு குறையில்லை.

பதற வேண்டாம். ஜெர்மனியில் வாங்கி, குழலியைக்கூடத் தொட விடாத சாமானை என்னை நம்பிக் கொடுத்தீர்கள். "வாரம் ஒருவாட்டி ஓட்டிடுங்க மாமா, சும்மா வெச்சா இறுகிப்பூடும்" என்றீர்கள். தவறாமல் ஓட்டினேன். ஆயுத பூஜைவரை நன்றாகவே ஓடியது. அன்று உங்கள் மாமியார் தேவகி என் சைக்கிள், தையல் மிஷின், அரிவாள்மணை என்று வரிசையாகச் சந்தனம் குங்குமம் வைத்துக்கொண்டு வந்தவள், "ஏங்க, மாப்ள வண்டியும் வண்டிதானே? அத்த மட்டும் வுட்டா நல்லாவா இருக்கும்?" என்று எஞ்சின் நெற்றியிலும் சக்கரங்களிலும் தண்டவாளம் நெடுகிலும் பொட்டு வைத்தாள். மறுநாளிலிருந்து வண்டிக்கு மந்தம். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வகுப்பில் ஒரு பையனைக் கேள்வி கேட்டால் எழுந்து நின்று, எதற்கு எழுந்தோம் என்று யோசிப்பானே, அப்படி நின்று நின்று யோசித்தது.

பக்கத்து வீட்டுத் தறிக்காரர் கலியன் வந்து பார்த்தார். "இதுக்கா சார் மண்டைய ஒடைச்சிக்கினு இருக்கீங்க? எண்ணெ காணாத வண்டி சார் இது. தறியே ரெண்டு சொட்டு கேக்குது, ரயிலு கேக்காதா?" என்று தையல் மிஷின் எண்ணெயை விட்டார். பேச்சு சுவாரசியத்தில் இரண்டு சொட்டு இரண்டு கரண்டியாகிவிட்டது. வழிந்ததைத் துடைக்க அவர் வீட்டிலிருந்தே ஒரு கைப்பிடி கழிவுப் பட்டு கொண்டுவந்தார். அந்த இழைகள் அச்சு முழுக்கச் சுற்றிக்கொண்டன. அரக்கும் மாம்பழ நிறமுமாகப் பார்க்க அழகுதான், ஓடத்தான் இல்லை. ஊசி வைத்து இழை இழையாக எடுத்த கலியன், "தறில பாவு நூலு அறுந்தாகூட இவ்ளோ பாடு இல்ல சார்" என்றார்.

பிறகு நானே உட்கார்ந்தேன். மண்ணெண்ணெயில் பிரஷ்ஷைத் தோய்த்துப் பல்சக்கரங்களைக் கழுவி, காயவைத்து, ஊசிமுனையால் தொட்டுத் தொட்டு எண்ணெய் வைத்தேன். "பொட்டு அழியப்போவுதுங்க, பூஜைல வெச்சது, பாத்து!" என்று தேவகி பக்கத்திலேயே காவல் நின்றதால் பொட்டுகளை மட்டும் விட்டுச் சுற்றிச் சுற்றித் துடைத்தேன். இப்போது உள்ளே ஒரு தூசு இல்லை. தண்டவாளத்தில் வைத்தால் ஓர் உதறல், அப்புறம் மௌனம்.

தலைதீபாவளிக்கு வந்து நீங்கள் ரயில் விடப்போவதாகத் தெரு முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறேன். பூ விற்கும் அம்சாகூட, "சார், உங்க ரயிலு எப்ப கெளம்புது?" என்கிறாள். கோயில் பிரகாரம் சுற்றினாலும் எனக்குத் தண்டவாளமாகத்தான் தெரிகிறது. எங்கெங்கே எண்ணெய் விட வேண்டும், எங்கே கூடாது என்று படம் போட்டு மறு தபாலில் எழுதுங்கள். குழலிக்கு எங்கள் ஆசிகள். இருவரும் எல்லா நலமும் பெற்று நீடூழி வாழ்க.

இப்படிக்கு,
ஆதிகேசவன்.

பி.கு.: மேலே எழுதியதையெல்லாம் மறந்துவிடுங்கள், படமும் வேண்டாம். உறையை ஒட்டப்போகும்போது, கரண்ட் தண்டவாளத்திலிருந்து சக்கரம் வழியாகத்தான் ஏறுகிறது என்று நீங்கள் சொன்னது ஞாபகம் வந்தது. தேவகி கோயிலுக்குப் போயிருந்த சமயம் பார்த்துப் பொட்டுகளையெல்லாம் துடைத்துவிட்டேன். எஞ்சின் பறக்கிறது! திரும்பி வந்தவள் கன்னத்தில் போட்டுக்கொண்டு, "அம்மன்கிட்ட வேண்டிக்கினு இப்பதான் வரேன், பாத்தீங்களா, உடனே ஓடுது! பாவம், பொட்டெல்லாம் உதிர்ந்துபோச்சு" என்றாள். துடைத்தது நான் என்று எந்த வாயால் சொல்வேன்? சந்தனக்கல் உரசும் சத்தம் கேட்கிறது. மாப்பிள்ளை சொன்னால் மட்டும் அவள் கேட்பாள். தீபாவளிக்கு இன்னும் நாள் இருக்கிறதே என்று பார்க்காமல், கிடைத்த பஸ்ஸில் ஏறிவிடுங்கள்.