மீன் தர மறுத்த பொறு அண்ணாச்சி

நாகர்கோவிலில் மீன் விற்பவர்கள் ஆயிரம் பேர் இருப்பார்கள். மீன் தர மாட்டேன் என்று சொல்வதற்காகவே தினமும் காலையில் கடை திறக்கும் மனிதர் ஒருவர்தான். வடசேரி பேருந்து நிலையத்திலிருந்து நடந்து போகிற தூரத்தில் அவருடைய வண்ண மீன் கடை இருக்கிறது. சொந்தப் பெயர் ஒன்று இருக்கத்தான் வேண்டும். ஆனால் தபால்காரர்கூடப் பொறு அண்ணாச்சி என்றுதான் விசாரிப்பார். எந்த மீனைக் காட்டி யார் கேட்டாலும் அவர் சொல்லும் முதல் வார்த்தை "பொறு."

என் கதை ஒரு காலித் தொட்டியில் தொடங்கியது. என்னோடு வேலை பார்த்தவர் மாற்றலாகிப் போகும்போது விளக்கும் வடிகட்டியும் வைத்த இரண்டடிக் கண்ணாடித் தொட்டி ஒன்றை என் தலையில் கட்டிவிட்டுப் போனார். மீன் வளர்த்து எனக்குப் பழக்கமில்லை. நேராக அண்ணாச்சி கடைக்குப் போய், "நாலு ஜோடி கப்பி குடுங்க" என்றேன்.

"பொறு மக்கா. தொட்டி எங்க வச்சிருக்க?"

"ஜன்னல் பக்கத்துல."

"வெயில் அடிக்குமா?"

"காலையில அடிக்கும்."

"அப்பம் மாத்தி வை. வீட்ல எத்தனை பேரு? பூனை உண்டா? வெளியூர் போனா யாரு பாத்துக்கிடுவா?"

பெண் கேட்டுப் போன இடத்தில்கூட என்னிடம் இத்தனை கேள்வி கேட்கவில்லை. எல்லாவற்றுக்கும் பதில் சொல்லி முடித்தபின் அவர் எனக்குக் கொடுத்தது ஒரு பை மண், ஒரு பை கழுவிய சரளை, பழைய செய்தித்தாளில் சுற்றிய நாலைந்து செடிகள், ஒரு சின்ன டப்பா மீன் தீனி. மீன் கிடையாது.

"அடியில மண்ணு, மேல சரளை, அதுல செடி. குழாய்த் தண்ணிய ஒரு நாள் பிடிச்சு வச்சிட்டு ஊத்து. தினமும் ஒரு சிட்டிகை தீனி போடு. ஒரு மாசம் கழிச்சு வா."

"மீன் இல்லாம தீனி யாருக்கு அண்ணாச்சி?"

"யாருக்கும் இல்ல. அது கிடந்து அழுகட்டும். அழுகுனா தண்ணில விஷம் வரும். அந்த விஷத்தத் தின்னுததுக்குக் கண்ணுக்குத் தெரியாத சீவன் கொஞ்சம் வரும். அதுங்க குடியேறுன பிறவுதான் மீன் குடியேறணும், கேட்டியா?"

கேட்டுக்கொண்டேன். வீட்டில் சொல்லிப் புரியவைக்க முடியவில்லை. என் மனைவி செல்விக்கு ஊர் அருமனை. தண்ணீரை வெள்ளம் என்றுதான் சொல்வாள். மறுநாள் காலை நான் தொட்டிக்குள் தீனி தூவுவதைப் பின்னால் நின்று பார்த்தவள், "சும்மா கெடக்க வெள்ளத்துக்குச் சாப்பாடு போடுதியளா?" என்று கேட்டாள். நான் விளக்கினேன். அவள் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு அடுக்களைக்குப் போய்விட்டாள்.

முதல் வாரமே ஒரு செடியின் இலைகள் பழுத்தன. அனுபியாஸ் என்று பெயர் சொல்லித் தந்த செடி. அண்ணாச்சியிடம் போனேன்.

"கிழங்கை மண்ணுல பொதச்சியா?"

"ஆமா, ஆடாம நிக்கட்டும்னு."

"உன்னைக் கழுத்து வரைக்கும் பொதச்சா நீயும்தான் ஆடாம நிப்ப. அதை எடுத்து ஒரு கல்லுல நூலால கட்டி வை."

இரண்டாவது வாரம் கண்ணாடி முழுக்கப் பச்சைப் பாசி படர்ந்தது. காலையிலிருந்து ராத்திரி படுக்கும்வரை விளக்கைப் போட்டு வைத்திருந்தேன். ஆறு மணி நேரத்துக்கு மேல் போடாதே என்றார். "நீ ஆபீசுல எத்தனை மணி நேரம் வேலை பாப்ப?" என்று கேட்டார். எட்டு என்றேன். "நெசமா பாக்கது?" என்றார். அன்றிலிருந்து விளக்கு ஆறு மணி நேரம்தான் எரிந்தது.

ஞாயிறுதோறும் வாடிக்கையாளர்கள் அவரவர் தொட்டித் தண்ணீரைச் சின்ன பாட்டிலில் கொண்டுவர வேண்டும் என்பது அவருடைய சட்டம். சொட்டு மருந்து விட்டு, நிறம் பார்த்துத் தீர்ப்புச் சொல்வார். இதில் ஒரு சிக்கல். கடைக்கு அடுத்த கதவு ரத்தம், சிறுநீர் பரிசோதனை நிலையம். ஒரு ஞாயிற்றுக்கிழமை எனக்கு முன்னால் நின்ற பெரியவர் ஒரு பாட்டிலை நீட்டினார். அண்ணாச்சி வாங்கி, மருந்து விட்டு, குலுக்கி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். முகம் மாறியது.

"அம்மோனியா எக்கச்சக்கமா இருக்கே. எத்தனை நாளா இப்பிடி?"

"ஒரு வாரமா எரிச்சல் உண்டு" என்றார் பெரியவர்.

"உடனே பாதித் தண்ணிய மாத்தணும். தீனிய நிறுத்துங்க."

"சுத்தமா நிறுத்தணுமா? இட்லிகூடவா?"

பெரியவரைக் கைப்பிடித்துப் பக்கத்துக் கதவில் விட்டுவிட்டு வந்தேன். அண்ணாச்சி கையைச் சோப்புப் போட்டு மூன்று தடவை கழுவினார். "ஆனா மக்கா, அளவு சரியாத்தான் சொன்னேன்" என்றார்.

அவருக்கு ஊர் கடற்கரை. அப்பா, அண்ணன், தம்பி எல்லாரும் வள்ளத்தில் மீன் பிடிக்கப் போகிறவர்கள். இவர் ஒருவர் மட்டும் ஒன்றரை அங்குல மீனுக்குக் காய்ச்சலா என்று பார்த்துக்கொண்டிருப்பது குடும்பத்துக்குப் பெரிய அவமானம். ஒருநாள் அவருடைய தம்பி கடையில் நின்று நியான் டெட்ரா மீன்களை வெகுநேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "இதை எத்தனை சேத்தா ஒரு கறி வைக்கலாம்?" என்று கேட்டார். அண்ணாச்சி எழுந்து அந்தத் தொட்டியின் மேல் ஒரு துணியைப் போர்த்தினார். அதற்காக அவர் மீன் சாப்பிடாதவர் என்று நினைக்க வேண்டாம். மத்தியானம் தூக்குச்சட்டியைத் திறந்தால் சாளைக் குழம்பு இல்லாத நாள் குறைவு. ஆனால் சாப்பிடும்போது நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டுக்கொள்வார். தொட்டிகளுக்கு முதுகு காட்டித்தான் முள் எடுப்பார்.

மூன்றாவது வாரத்தில்தான் நான் தவறினேன். துபாயிலிருந்து செல்வியின் அண்ணன் குடும்பத்தோடு வருவதாகத் தகவல் வந்தது. மச்சான் எதைப் பார்த்தாலும் ஒரு வார்த்தை சொல்லாமல் விடமாட்டார். மீனில்லாத மீன்தொட்டியைப் பார்த்தால் அதை வளைகுடா முழுக்கக் கொண்டு போய்ச் சேர்த்துவிடுவார். அண்ணாச்சியிடம் கெஞ்சினேன். பாட்டிலைப் பார்த்துவிட்டு, "இன்னும் பத்து நாள்" என்றார்.

ஹெல்மெட்டைக் கழற்றாமல் வேறொரு கடைக்குள் போனேன். எட்டு கப்பி மீன்கள் வாங்கினேன். கடைக்காரர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அது எனக்கு என்னவோ போல இருந்தது.

மச்சான் வந்தார், பார்த்தார், "நல்லா இருக்கு" என்றார். பச்சைச் செடிகளுக்கு நடுவே எட்டு வாலும் விசிறி விசிறித் திரிந்ததைப் பார்த்து எனக்கே கர்வமாக இருந்தது. அவர் போன இரண்டாம் நாள் ஒன்று செத்து மிதந்தது. மறுநாள் இன்னும் இரண்டு. மிச்சம் ஐந்தும் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. மூன்று வாரமாக என்னைக் கேலி செய்த செல்வி தொட்டிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"அந்த மனுசனைப் போய்க் கூட்டிட்டு வாங்க" என்றாள்.

"எந்த முகத்தோட போவேன்?"

"உங்க மொகம் கெடக்கட்டு. இதுங்களப் பாருங்க."

போனேன். ஞாயிறு, கடை நிறையக் கூட்டம். நடந்ததைச் சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் சுகமாக இருந்திருக்கும். அண்ணாச்சி ஒரு வாளியில் தன் தொட்டித் தண்ணீரை மொண்டார். வடிகட்டிக்குள்ளிருந்து ஊறிய பஞ்சு ஒன்றை உருவி அதில் போட்டார். வாடிக்கையாளர்களைப் பார்த்து, "எல்லாரும் பொறுங்க" என்று சொல்லி ஷட்டரை இழுத்து மூடிவிட்டு என் வண்டியில் ஏறினார்.

வீட்டுக்கு வந்ததும் தொட்டியில் பாதித் தண்ணீரை இறைத்தார். ஒரு நாள் பிடித்து வைத்திருந்த தண்ணீரை ஊற்றினார். பிறகு அந்தப் பஞ்சைத் தொட்டிக்குள் பிழிந்தார். சாக்கடை நிறத்தில் ஒரு கலங்கல் பரவியது.

"ஐயோ அண்ணாச்சி, அழுக்கு" என்றாள் செல்வி.

"அழுக்கில்ல தங்கச்சி. நான் ஒரு மாசம் பொறுக்கச் சொன்னது இதுல இருக்க சீவன் வாறதுக்குத்தான். வெளியில இருந்து கொண்டு வந்தாச்சு. புடிச்சா உண்டு."

பஞ்சை வடிகட்டிக்குள் செருகிவிட்டுத் தரையிலேயே உட்கார்ந்தார். காப்பி கொடுத்தோம், ஆறிப்போனபின் குடித்தார். சாயங்காலம் வரை அவர் எழுந்திருக்கவில்லை. அந்த வாரம் முழுக்க, கடையைப் பூட்டியபின் சைக்கிளில் வந்து, பாதி பாதியாகத் தண்ணீர் மாற்றிவிட்டுப் போனார். செவ்வாய்க்கிழமை ஒன்று போனது. வியாழக்கிழமை இன்னொன்று. மூன்று மிஞ்சின. சனிக்கிழமை அந்த மூன்றும் கீழே இறங்கிச் செடிகளுக்குள் நீந்தின.

"இனி பயமில்ல" என்றார். அந்த வாரத்தில் முதல் தடவையாகக் காப்பியைச் சூடாகக் குடித்தார்.

ஒன்றரை மாதம் கழித்து, பாசிக்குள் எள் அளவில் ஏதோ அசைவதை முதலில் பார்த்தவள் செல்வி. கண்ணும் வாலும் மட்டுமே உள்ள குஞ்சுகள். பதினொன்று வரை எண்ணினோம். அதற்குள் முதலில் எண்ணியவை இடம் மாறிவிட்டன. நான் ஓடிப்போய் அண்ணாச்சியிடம் சொன்னேன். ஒரு பாக்கெட் பிஸ்கட்டோடு வந்தார், பிரசவம் பார்க்க வருகிறவர் மாதிரி. தொட்டிக்கு முன்னால் நாற்காலி போட்டோம். ஒரு மணி நேரம் அசையாமல் பார்த்தார்.

"உங்க கடையில முப்பது தொட்டி இருக்கே அண்ணாச்சி. அங்க இல்லாத குஞ்சா?" என்று கேட்டேன்.

"அங்க இருக்கது எல்லாம் போறதுக்கு இருக்கது மக்கா. ஒண்ணு ரெண்டு நாள் பாக்கேன், பேரு வைக்கதுக்குள்ள யாராவது கவர்ல கெட்டிட்டுப் போயிருவாவ. போன எடத்துல இருக்கா செத்துதான்னு தெரியாது. இதுங்க இங்கயேதானே இருக்கும்?"

"இங்கதான் இருக்கும்."

"அப்பம் ஞாயிற்றுக்கெழம கடை அடைச்சிட்டு ஒரு நடை வந்து பாத்துட்டுப் போவட்டா?" மீன் கேட்டு வருகிறவர்கள் அவரிடம் கேட்பதைப் போலத் தயங்கிக் கேட்டார்.

இரண்டு வருடமாக வருகிறார். குஞ்சுகளின் குஞ்சுகளுக்கெல்லாம் பெயர் வைத்துவிட்டார். எங்களுக்கு ஒன்றும் அடையாளம் தெரிவதில்லை. ஞாயிற்றுக்கிழமை அவர் வரக் கொஞ்சம் நேரமானால் செல்வி இரண்டு தடவை வாசலுக்குப் போய் எட்டிப் பார்க்கிறாள். நான் மூன்று தடவை.