பெட்டியில் ஒரு வரி

பெட்டியின் நாலு பக்கமும் தன் பெயரே இருக்க, இன்னொருவர் பெயரையும் போடச் சொல்லி வந்த மெயிலை, பலகை விளையாட்டு வெளியிடும் பதிப்பாளர் மூன்றாவது முறையாகப் படித்தார். நாளை மறுநாள் விளையாட்டுச் சந்தை. முன்னறையில் முந்நூறு பெட்டிகள், ஆறு மாத உழைப்பு, கூரையைத் தொட்டுக்கொண்டு நின்றன.

"யாரோ 'குட்டி ஆமை'யாம். விதிகள் அவனோடதாம். பேரைப் போடாம வித்தா சந்தையில புகார் குடுப்பானாம்!"

"வலைத்தளத்துல கிடந்த விதிகள், யார் வேணா இலவசமா எடுத்துக்கலாம்னு சொன்னீங்களே?" என்றாள் மனைவி, பகடைகளைப் பைகளில் போட்டபடி.

"கீழ என்னமோ நிபந்தனை எழுதியிருந்தான். அதையெல்லாம் யாரு படிக்கிறா? வேலைவெட்டி இல்லாதவன்!"

மனைவி அடுத்த பகடையைச் சற்று வேகமாகவே பைக்குள் போட்டாள்.

புகார் போனால் சந்தையில் கடை போட இடமே கிடைக்காது. ஆமையைக் குளிர்விக்க, அதன் வலைத்தளத்திலிருந்த சின்னத்தையே பெரிய ஸ்டிக்கராக அடித்தார் பதிப்பாளர். நன்றியில் குறை வைக்கக்கூடாதென்று எல்லாப் பெட்டியிலும் நாலு பக்கமும், தன் பெயரின் மேல் லேசாக ஏறினாற்போல ஒட்டி, படமெடுத்து அனுப்பிவிட்டுப் பாராட்டுக்குக் காத்திருந்தார்.

வந்தது இன்னொரு மெயில். 'கேட்டது பெயரை மட்டும். சின்னத்தைப் போட்டால் உங்கள் விளையாட்டை நானே வெளியிட்ட மாதிரி ஆகிவிடும். எடுத்துவிடுங்கள்.'

"போடுன்னு சொல்றான், போட்டா எடுன்னு சொல்றான்!"

"நிபந்தனையில ரெண்டும் தெளிவா இருக்கே."

"அதை நீ எப்பப் படிச்சே?"

"படிக்கத்தானே எழுதியிருக்கு?"

ஸ்டிக்கரை உரித்தார்கள். ஆமை போகும்போது பதிப்பாளரின் பெயரையும் கூடவே பிய்த்துக்கொண்டு போனது. சந்தைக்கு முந்தின நாள் மத்தியானம் முந்நூறாவது பெட்டியிலும் சீட்டு ஒட்டியாயிற்று. 'விதிகள்: குட்டி ஆமை.' பெட்டியில் மிஞ்சிய ஒரே பெயர் அதுதான்.

"பத்து வருஷமா நான் கட்டிக் காத்த பேரு! இப்ப எவனோ ஒருத்தன் பேரு மட்டும் நிக்குது!" அவருக்கு அழுகையே வந்துவிட்டது. "அவன் மட்டும் என் கையில கிடைச்சான்..."

வாசல் மணி அடித்தது. கூரியர்காரர் நின்றிருந்தார்.

"குட்டி ஆமைக்கு ஒரு பார்சல்."

"விலாசம் மாறி வந்துட்டீங்க," என்றார் பதிப்பாளர் கடுப்பாக.

கூரியர்காரர் அவரைத் தாண்டி உள்ளே எட்டிப் பார்த்துச் சிரித்தார்.

"நாலு வருஷமா இங்கதான் சார் குடுக்கறேன். எப்பவும் அக்காதான் கையெழுத்துப் போடுவாங்க."